நான்காவது இதழ்

மாயாபந்தர் வட்டாரத்தில் அதிக முறை கழற்றிச் சுத்தம் செய்யப்பட்ட இன்ஜெக்டர் எது என்று யாராவது போட்டி வைத்திருந்தால், முதல் பரிசு எங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். சுனாமி வந்துபோன அடுத்த மூன்று மாதத்தில் அப்பா அதை ஏழு தடவை கழற்றி, கழுவி, சோதித்து, மறுபடி பூட்டினார். ஏழு என்பது குத்துமதிப்பாகச் சொல்வதல்ல. ஒவ்வொரு தடவைக்கும் என்னிடம் எழுத்துப்பூர்வமான சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியை எடுத்துப் போட்டுத்தான், ஒன்பது வயதில், நான் என் அப்பாவைக் காப்பாற்றப் போனேன்.

அப்பாவும் பெரியப்பாவும் தூத்துக்குடிக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பெரியப்பா லாங் ஐலண்டில் குடியேறினார். அப்பா மாயாபந்தர் பக்கம், கடல்நீர் உள்ளே ஏறி வருகிற ஒரு கழி ஓரத்தில் வீடு கட்டினார். ஆளுக்கொரு டோங்கி. தீவுகளில் இஞ்சின் வைத்த மரப் படகுக்கு அதுதான் பெயர். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை நிலம் ஆடி நின்றதும், கயிறு அறுந்திருக்குமோ என்று டோங்கியைப் பார்க்கப் போனார் அப்பா. அவர் டோங்கிக்குள் நிற்கும்போது தண்ணீர் வந்தது. அவரையும் டோங்கியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் அலையாத்திக் காட்டுக்குள் எறிந்துவிட்டுப் போனது. மத்தியானம் சட்டையில்லாமல் வீட்டுக்கு நடந்து வந்தார். டீ கேட்டார். இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினார். அன்றைக்கு என்ன நடந்தது என்று யார் கேட்டாலும் அவர் சொன்னது, "மரத்தப் பிடிச்சிட்டு இருந்தேன்" என்பது மட்டும்தான்.

லாங் ஐலண்டில் பெரியப்பாவின் டோங்கி ஜெட்டித் தூணில் மோதி இரண்டாகப் பிளந்தது. எங்களுடையது இரண்டு பலகை போனதோடு தப்பியது. ஜனவரியில் ஊரே சேர்ந்து அதைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்துக் கழியில் விட்டது. ஆனால் இஞ்சின் வயிறு முட்ட உப்புத் தண்ணீர் குடித்திருந்தது. இந்த மாதிரி வேலைக்கு மெஷின் வைத்துப் பார்க்கிற பட்டறை போர்ட் பிளேரில்தான் உண்டு. அந்த நாட்களில் பஸ் எப்போது வரும், கப்பல் எப்போது போகும் என்பது ஆண்டவருக்கே தெரியாது. அதனால் அப்பா தானே உட்கார்ந்தார். இஞ்சினைப் படகிலேயே வைத்து நல்ல தண்ணீராலும் பிறகு டீசலாலும் கழுவினார். கடைசியாக அதன் தலையிலிருந்து பேனா நீளத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கழற்றி, துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல வீட்டுக்குக் கொண்டு வந்தார். அதுதான் இன்ஜெக்டர்.

"இது எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"டீசல் இஞ்சினுக்குத் தீப்பெட்டி கெடையாதுட்டி. உள்ள காத்த நெருக்கி நெருக்கிச் சூடாக்கும். அந்தச் சூட்டுல இது டீசலப் பனி மாதிரி ஊதும். ஊதுனதும் பத்திக்கிடும்."

"பனி மாதிரி ஊதலன்னா?"

"பொகைதான் வரும். வண்டி வராது."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தீப்பெட்டி இல்லாமல் தீ. அதுவும் இந்தப் பேனாவுக்குள்ளிருந்து. பள்ளியில் ஹிந்தியில் எத்தனையோ பாடம் படித்தோம், இப்படி ஒரு அதிசயத்தை எந்த டீச்சரும் சொன்னதில்லை.

வேலை நடந்த இடம் அடுக்களை. வெளியே தூசி, இன்ஜெக்டருக்குத் தூசி ஆகாது. அம்மாவின் சாப்பாட்டுத் தட்டில் டீசல் ஊற்றி அதற்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார் அப்பா. ஸ்பிரிங், குச்சி, கடைசியில் நுனியில் இருக்கும் நாசில். நாசில் சுண்டு விரல் கணக்காக இருந்தது. அதற்குள் ஒரு ஊசி. ஊசியும் நாசிலும் பிறக்கும்போதே ஜோடி, இந்த ஊசி வேறு எந்த நாசிலுக்குள்ளும் சரியாக உட்காராது என்றார். நுனியில் மயிரிழை அளவுக்கு நான்கு துளைகள். கரி பிடித்து, உப்பு பிடித்து, அவற்றில் ஒன்று அடைத்தே போயிருந்தது. ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுவிட்டுக் காலையில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தார். துளைக்குள் விட வேண்டிய கம்பிக்கு எங்கே போவது? கோயில் பாட்டுக்குழுவில் கித்தார் வாசிக்கிற ஊர் அண்ணன் ஒருவரிடம் அறுந்த கம்பி கேட்டு என்னை வாங்கி வரச் சொன்னார். ஆறு கம்பியில் ஆக மெலிந்தது. அது துளைக்குள் அளவெடுத்ததுபோல நுழைந்தது. ஆண்டவருக்குப் பாடின கம்பி என்பதால் இஞ்சின் இனி மக்கர் பண்ணாது என்று அம்மா சொன்னார். இந்த ஒரு விஷயத்தில் அம்மாவின் விசுவாசம் வீண்போனது.

துடைப்பதற்கு அம்மாவின் பழைய நைலக்ஸ் சேலையில் ஒரு துண்டு. பருத்தித் துணி நூல் உதிர்க்கும், அந்த நூலே துளையை அடைத்துவிடும். கழுவி முடித்ததும் அப்பா நாசிலைச் சாய்த்துப் பிடித்து, ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்து விடுவார். அது தன் எடையிலேயே வழுக்கி மெதுவாக உள்ளே இறங்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, தொப்பென்று விழவும் கூடாது. அந்த ஊசி இறங்குவதைப் பார்க்க நான் எத்தனை நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருப்பேன். தொடத்தான் அனுமதி கிடையாது. கை வியர்வை பட்டால் துரு வரும்.

கழுவுவது வீட்டில், சோதிப்பது டோங்கியில். இன்ஜெக்டரை இஞ்சினுக்கு வெளியே தலைகீழாகக் குழாயில் மாட்டி, நாலு விரல் தூரத்தில் ஒரு தாளை நிறுத்துவார். பம்பில் கையால் அழுத்துகிற லீவர் ஒன்று உண்டு. அதை அழுத்துகிற பொறுப்பு எனக்கு. தாளுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் கையைக் கொண்டுவந்தால் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் ஏறிவிடும் என்று முதலிலேயே பயமுறுத்தி வைத்திருந்தார். அவர் "ம்" என்றதும் அழுத்துவேன். 'கிர்ர்க்' என்று ஒரு சத்தம். தாளில் டீசல் பூப்போல விழும். நான்கு துளைக்கு நான்கு இதழ்.

அந்தத் தாள்தான் வீட்டில் வம்பைக் கொண்டுவந்தது. முடிந்துபோன வருடத்துக் கோயில் காலண்டர், மாதத்துக்கு ஒரு புனிதர் படம். வழுவழுப்பான கெட்டித் தாள் என்பதால் அப்பா ஜனவரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்தார்.

"அந்தோணியார் மூஞ்சில டீசல் அடிக்கியளே, உருப்படுமா?" என்றார் அம்மா.

"பின்பக்கந்தான அடிக்கேன்."

"பின்பக்கம் அடிச்சா முன்பக்கம் ஊறாதா?"

ஊறத்தான் செய்தது. புனிதர்கள் நெற்றியிலும் கன்னத்திலும் எண்ணெய்ப் பொட்டுகளோடு எங்கள் வீட்டில் பொறுமையாகக் காய்ந்தார்கள். மேலே தெரிந்த டிசம்பர் தாளை அப்பா தொடவே இல்லை. அது சுவரிலேயே இருந்தது.

தாள்களை நான் எடுத்துக்கொண்டேன். டீசல் கறை நிற்காது, நேரம் ஆக ஆகப் பரவும். ஆகவே தாள் ஈரமாக இருக்கும்போதே நான்கு இதழையும் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுவிடுவேன். ஓரத்தில் தேதி, நாசிலின் மேல் பொறித்திருந்த மாடல் நம்பர், எல்லாம் எழுதுவேன். யாரும் சொல்லிச் செய்ததல்ல. அந்த வயதில் எனக்கு உலகத்தில் எதையாவது எழுதிவைத்தால்தான் தூக்கம் வரும்.

முதல் தாளில் மூன்று இதழ்தான், நடுவில் ஒரு சொட்டு வேறு. இரண்டாவது தாளில் நான்கு இதழ் வந்தது, ஒன்று கோணல். மூன்றாவது தாளில் எல்லாம் சரியாக விழுந்தது. அப்பா அதை வெயிலில் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, பாஸ்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மறுநாள் இஞ்சினைப் பூட்டி டோங்கியை எடுத்தார். கரையில் நின்று நானும் அம்மாவும் பார்த்தோம். சுத்தமான சத்தம், புகையே இல்லை. கழியைத் தாண்டிக் கடல் திறக்கிற வாய் வரைக்கும் போனார். அங்கே டோங்கி ஒரு வட்டம் போட்டது. திரும்பி வந்தது.

"ஒரு தட்டு கேக்கு. இன்ஜெக்டர்தான்" என்றார். மறுபடி கழற்றினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இதேதான். கழுவுவது, ஊசி வழுக்குவது, பூ விழுவது, பூட்டுவது, கழிவாய் வரை போவது, திரும்புவது. கழிக்குள் கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஓடுகிற இஞ்சின் கடலைக் கண்டதும் படுத்துவிடுகிறது என்பதை நான் ஒரு விஞ்ஞானப் புதிராகத்தான் பார்த்தேன். உப்புக்காற்று பட்டால் நாசில் சுருங்குமோ என்றுகூட யோசித்தேன். இந்த யோசனையை அப்பாவிடம் சொன்னபோது அவர் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கும்" என்றார்.

வீட்டில் நிவாரண அரிசியும் பருப்பும் இருந்தன. அம்மா பக்கத்து பெங்காலி பாபுவின் தோட்டத்தில் பாக்கு உரிக்கப் போனார். பாபு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், "அரே பாய், இன்ஜெக்டர் கா ஷாதி கப் ஹை?" என்பார். இவ்வளவு குளிப்பாட்டி அலங்கரிக்கிறாயே, கல்யாணம் எப்போது என்று கேலி. அப்பா சிரித்து மழுப்புவார். எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒரு நாள் வேலி ஓரம் போய் அவரிடமே, "ஆப்கோ குச் நஹி மாலூம்" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்த நேரத்தில் பெரியப்பா வந்தார். லாங் ஐலண்டிலிருந்து போட்டும் பஸ்ஸும் மாறி வந்திருந்தார். பெரியப்பா வாயைத் திறந்தால் பாதி தமிழ்த் திட்டு, மீதி ஹிந்தித் திட்டு. இனிப்பாக ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அப்பா தட்டின் முன்னால் நைலக்ஸ் துணியோடு உட்கார்ந்திருந்தார். ஏழாவது கழுவல் முடிந்து, பூசைக்கு முன்பே தாளும் அடித்தாயிற்று; இருந்தும் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"எலே, நான் சுத்தி வளைக்கல. என் டோங்கி கத்தம், முடிஞ்சுது. ஒனக்கு இருக்கு. நீ ஓட்டு, இல்லன்னா எங்கிட்ட குடு. மழ பிடிக்கதுக்குள்ள ஒரு மாசமாவது ஓட்டணும்லா? என் வீட்லயும் அடுப்பு எரியணும்."

"இன்ஜெக்டர் இன்னும் சரியாவலண்ணே. ரெண்டு நாள்."

"ரெண்டு நாள், ரெண்டு நாள்னு மூணு மாசமாச்சு. அப்பிடி என்னல கராப், என்ன கோளாறு? இன்னைக்கு ஒரு பதில் சொல்லு. ஊர்ல என்ன பேசுதான்னு தெரியுமா ஒனக்கு?"

 அப்பாவின் கையில் துணி நாசிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. டோங்கி போய்விடும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. லாங் ஐலண்டுக்குப் போனால் அது திரும்பி வராது, லீவர் அழுத்துகிற வேலை பெரியப்பாவின் பிள்ளைகளுக்குப் போய்விடும், அப்பா பாபுவின் தோட்டத்தில் பாக்கு உரிக்க வேண்டியதுதான். இஞ்சின் நன்றாக இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கிவிடும். நிரூபிக்க என்னிடம் இல்லாத சாட்சியா?

உள்ளே ஓடி என் பெட்டியிலிருந்து தாள்களைக் கொண்டுவந்தேன். பெரியப்பாவின் காலடியில் வரிசையாகப் பரப்பினேன்.

"பெரியப்பா, பாருங்க. இது முதல் தடவ, மூணு இதழ்தான். இது ரெண்டாவது, ஒண்ணு கோணல். இந்தா, மூணாவது. இதுலயே சரியாயிட்டு. நாலு, அஞ்சு, ஆறு, இது காலைல அடிச்சது, எல்லாம் ஒரே மாதிரி. தேதி போட்டிருக்கேன். அப்பா எப்பவோ சரி பண்ணிட்டாங்க. இன்ஜெக்டர்ல ஒரு கோளாறும் இல்ல!"

கைதட்டலை எதிர்பார்த்து நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பாவின் கையில் துணி நின்றுவிட்டது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுமடல்கள் சிவந்திருந்தன. அடுப்புப் பக்கத்திலிருந்து அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது என்று தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பெரியப்பா ஒவ்வொரு தாளாகக் குனிந்து எடுத்தார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு தேதியையும் படித்தார். ஏழாவது தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏட்டி கலெக்டர், நீ படிச்ச லட்சணம் இதுதானா?" என்றார். "இந்தா, இந்த நாலாவது இதழப் பாரு. கட்டையா இருக்கு."

நான் குனிந்து அந்த இதழை மறுபடி பார்த்தேன்.

அவர் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "நாசில் தேஞ்சுபோச்சுல. கழுவி என்ன பிரயோசனம்? தங்கக் கிண்ணத்துல வச்சுக் கழுவுனாலும் தேஞ்சது தேஞ்சதுதான். இத வச்சிட்டு வெளிய போயிருந்தன்னா நடுக்கடல்ல நிப்பாட்டிருக்கும். நீ போவாம இருந்ததே நல்லதாப் போச்சு."

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். 

"சமமா இருக்கு பெரியப்பா!" என்று கத்தினேன். பள்ளிப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வந்து தரையில் மண்டியிட்டு அளந்தேன். "மூணரை. மூணரை. மூணரை. நாலாவதும் மூணரை! நீங்களே அளந்து பாருங்க!"

"எங்கண்ணுக்குக் கட்டையாத்தான் தெரியுது."

"கண்ணு தப்பாவும், ஸ்கேல் தப்பாவாது!"

அம்மா என் கையிலிருந்து ஸ்கேலைப் பிடுங்கினார். "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். வாய மூடிட்டு வெளிய போ."

போனேன். பாக்குத் தோட்டத்து வேலி ஓரம் உட்கார்ந்து அழுதேன். ஆயுசில் அவ்வளவு அநியாயத்தை நான் சந்தித்ததில்லை. முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதருக்கு மூன்றரைக்கும் மூன்றரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவோ, ஏழு தாளும் தன் கண் முன்னால் விழுந்ததைப் பார்த்தும், "இல்லண்ணே, சரியாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டார். அப்பாவின் மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

டோங்கியைக் கேட்க வந்த பெரியப்பா அதைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. புது நாசில் வாங்க அவரே போர்ட் பிளேருக்குப் போனார். போக, வர, கப்பலுக்குக் காத்திருக்க என்று பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் அப்பா இன்ஜெக்டரைத் தொடவில்லை. காலையில் டோங்கிக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு வலையைச் சரிபார்த்தார். ஒரு நாள் டோங்கியில் தண்ணீர் இறைத்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார் என்று அம்மா யாரிடமோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தூங்குவதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரியப்பா வந்து இறங்கியதும், "நான்தான் மாட்டுவேன். ஒருத்தரும் உள்ள வரப்படாது, தூசி" என்று அடுக்களைக் கதவைச் சாத்தினார். டீ போட வேண்டியிருந்ததால் அம்மாவுக்கு மட்டும் உள்ளே இடம். அப்பா வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரத்தில் பெரியப்பா பூட்டிய இன்ஜெக்டரோடு வெளியே வந்தார்.

"பழைய நாசில எனக்குத் தாங்க பெரியப்பா" என்று கேட்டேன். விளையாட வேண்டும் என்று பல நாள் ஆசை.

"பழசா? அத ஜன்னல் வழியா கழியில வீசிட்டேன். கராப் சாமான் வீட்ல இருக்கப்படாது."

அன்றைக்குச் சோதிக்கும்போது லீவரை நான்தான் அழுத்தினேன். எட்டாவது தாள், ஆகஸ்ட் மாதத்துப் புனிதர். நான்கு இதழ். பென்சிலால் கோடு போட்டு, பெரியப்பா பார்க்கும்படியாகவே ஸ்கேலை வைத்து அளந்தேன். மூன்றரை, மூன்றரை, மூன்றரை, மூன்றரை.

"பழசும் இப்பிடித்தான இருந்துச்சு" என்றேன்.

"புதுசு புதுசுதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் விடிந்ததும் கரைக்குப் போனோம். புது நாசில் என்றால் பத்து நாளைக்குச் சத்தத்தைக் கவனிக்க ஆள் வேண்டுமாம், அதனால் தானும் கூட வருவதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார். அவர் முதலில் ஏறி இஞ்சினைக் கிளப்பினார். அப்பா முழங்கால் தண்ணீரில் டோங்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார். தண்ணீர் அவர் வேட்டியை நனைத்து ஏறிக்கொண்டிருந்தது. அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது.

பெரியப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை. இஞ்சின் மேல் குனிந்தபடியே கத்தினார்: "எலே, எனக்குக் காது சரியாக் கேக்கல. நீ வந்து கேளு. சத்தம் டீக்கா இருக்கா?"

அப்பா ஏறினார். இஞ்சின் பக்கம் காதைக் கொடுத்தார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே டோங்கி நகர்ந்தது. கழியின் நடுவுக்கு வந்தது, வாய்க்கு வந்தது. வட்டம் போடவில்லை. சிறிதாகி, அப்படியே வெளியே போய்விட்டது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் வெற்றி யாருக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஜெயித்துவிட்டார் என்று எல்லோரும் நினைப்பார்களே என்று கவலையாக இருந்தது.

பத்து நாள் என்றவர் மழை பிடிக்கும் வரை எங்கள் வீட்டில் தங்கி அப்பாவோடு கடலுக்குப் போனார். கிடைத்த மீனில் பாதி லாங் ஐலண்டுக்குப் போயிற்று. நான் எட்டுத் தாளையும் சுவரில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு இதழின் பக்கத்திலும் "3.5" என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன். பெரியப்பா சாப்பிட உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கு நேரே தெரிய வேண்டும் என்பதற்காக. அவர் ஒவ்வொரு வேளையும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார். ஒரு தடவைகூட ஒப்புக்கொள்ளவில்லை. பல வருடம் இந்தக் கதையைப் பள்ளியிலும் உறவிலும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்: எங்கள் பெரியப்பாவுக்கு அளக்கத் தெரியாது.

எட்டு வருடம் கழித்து, போர்ட் பிளேரில் கணக்கு படித்துக்கொண்டிருந்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். பெரியப்பாவுக்கு அதற்குள் புது டோங்கியும் வேறு கம்பெனி இஞ்சினும் கிடைத்திருந்தன. அதில் எங்கள் கரைக்கு வந்தவர், இஞ்சினில் ஏதோ நட்டு இறுக்க வேண்டும், பெட்டியிலிருந்து ஸ்பேனர் எடுத்து வா என்றார். பெட்டியின் அடியில் எண்ணெய்த் துணிக்குள் சுற்றி ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. சிவப்பு மூடி, மேலே ஒட்டிய சீல் கிழியவில்லை. உள்ளே, கம்பெனியில் பூசிய கிரீஸ் கலையாமல், சுண்டு விரல் அளவில் ஒரு நாசில். மூடியைத் திறக்காமலே அதன் மேலிருந்த நம்பரைப் படித்தேன். எட்டுத் தாளில் என் கையால் எழுதின நம்பர். எனக்கு அது ஜெப மந்திரம் போல மனப்பாடம்.

ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன். நாசிலைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்க் காட்டினேன். 

அப்பா அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கே தெரியும்ட்டி."

"எப்பிடி? அம்மா சொன்னாங்களா?"

"அவ எங்க சொன்னா? இஞ்சினக் கிளப்புனதும் காதக் குடுத்தேன்லா. அதே சத்தம். அதுக்கு முன்னால அத்தன வருசம் ஓட்டுன இஞ்சின் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"பெரியப்பாட்ட போய்க் கேக்கவா?"

"வேண்டாம்." கரைக்கு அப்பால் குனிந்து நட்டை இறுக்கிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுன்னு அவருக்கு ஒரு நெனப்பு. அப்பிடியே இருந்துட்டுப் போட்டும். எடுத்த எடத்துல வச்சிரு."

நான் அதைக் கொண்டுபோய், இருந்தது போலவே துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தேன். பெரியப்பா தலையைத் தூக்காமல், "என்ன கலெக்டர், இவ்வளவு நேரமா பெட்டியில என்ன அளந்துட்டிருந்த?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

நான்கு இதழும் சமம் என்றும், கழிவாயில் தட்டியது இன்ஜெக்டர் அல்ல, அப்பாவின் நெஞ்சு என்றும் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எல்லோருக்குமே தெரிந்திருந்தது. ஸ்கேல் வைத்து அளக்க வேண்டியிருந்தது எனக்கு மட்டும்தான்.